மீதி ஒன்று

பின்வாசற் படியில் கிடந்த மட்டிச் சிப்பியை றஞ்சிதா செருப்புக் காலால் தட்டிவிட்டாள். வாவிக்கரை வீட்டில் சிப்பி ஏன் கிடக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபாடில்லை. ஆனால் தட்டிவிட்ட சிப்பி உருண்டு போய் நின்ற இடத்தைப் பார்த்தவள், கையில் பிடித்த தேத்தண்ணியோடு அப்படியே நின்றுவிட்டாள். முற்றத்து மணலில் இரண்டு குவியல் இருந்தன. மட்டிக் கறி வைத்துவிட்டு வேலியோரம் கொட்டிய வெறும் சிப்பிகள்தான். மாதக்கணக்காகச் சாம்பலும் சேறும் பிடித்துக் கிடந்தவை. அவற்றை யாரோ பொறுக்கி வந்து, வெள்ளை வெளேரென்று கழுவி, மீன் சந்தையில் கூறு வைப்பது போல ஒரே உயரத்தில் இரண்டு கூறாக வைத்திருந்தார்கள்.

மகள் கம்சாயினியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. கேள்வி முடிய முதலே மறுத்துவிடும் சாதி. நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு, கூறுகளைக் கண்ட சந்தோசத்தில் குந்தியிருந்து எண்ணத் தொடங்கினாள். "பத்தொன்பது, இருபது," என்றாள். அடுத்த சிப்பிக்கு வாயைத் திறக்கவில்லை. விரலால் படியில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு "இருபத்திரெண்டு" என்று தொடர்ந்தாள்.

"ஒண்டைச் சொல்லு புள்ள. வாய் நோகுதா?"

"அப்பா சொல்ல மாட்டாரே."

அப்பா சொல்ல மாட்டார்தான். நாகரெத்தினம் சித்தாண்டி வயற்காரன். சூடு மிதித்து நெல் அளக்கும் களவெட்டியில் அவனுடைய ஆட்கள் ஒன்று என்ற சொல்லை வாயால் விடுவதில்லை. முதல் மரைக்காலை அளந்து போடும்போது அதன் விளிம்பில் விரலால் ஒரு தட்டு, அதுதான் கணக்கு. இருபத்தொன்றுக்கு இருபது என்று சொல்லி ஒரு தட்டு, முப்பத்தொன்றுக்கு முப்பது என்று சொல்லி ஒரு தட்டு. இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பூதங்களுக்கு, இங்கே ஒன்று இருக்கிறது என்று தெரியக்கூடாதாம். களவெட்டியில் தட்டினால் தட்டிவிட்டுப் போகட்டும். தேங்காய் எண்ணும்போதும், பஸ்ஸில் ஆள் கணக்குச் சொல்லும்போதும் தட்டுகிற புருசனைக் கட்டிக்கொண்டு, உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிற ஒருத்தி எத்தனை நாளுக்குப் பொறுமையாக இருப்பாள்? அந்தப் பழக்கம் பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டதில் அவளுக்குப் பற்றி எரிந்தது.

முதல்நாள் இருட்டுப்படுகிற மம்மல் பொழுதில் பின்கதவை யாரோ தட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விரல் கணுவால் தட்டிய, அவசரமே இல்லாத இரண்டு தட்டு. நாவற்குடாவில் அந்த ஒழுங்கையின் கடைசி வீடு அவர்களுடையது. பின்பக்கம் பாதை கிடையாது. கண்டல் பற்றை, அதற்கு அப்பால் சேறு, அதற்கு அப்பால் வாவி. அந்தக் கதவைத் தட்டுகிற ஆள் தண்ணீருக்குள்ளால் நடந்துதான் வரவேண்டும். அவள் திறந்து பார்த்தபோது ஒருவரும் இல்லை. வைகாசிக் கச்சான் காற்று வாவியின் சேற்று நாற்றத்தை வாரி வந்து முகத்தில் அடித்தது. அந்த நாற்றத்துக்குள் வேறொரு மணமும் இருந்தது. களத்தில் நெல் தூற்றும்போது எழும் தூசியின் மணம். கழுத்தில் சுணை பட்டது போல அரித்தது. அந்த வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு மணி நெல் இல்லை.

மறுநாள் மம்மலில் மூன்று தட்டு. விடிந்தபோது முற்றத்தில் மூன்று கூறு, படியில் ஒற்றைச் சிப்பி. எண்ணாமல் இருக்க அவளால் முடியவில்லை. கூறுக்கு இருபத்தெட்டு, மூன்றும் சரி. படியில் கிடந்ததையும் சேர்த்தால் எண்பத்தைந்து. தன்னிடம் அடி வாங்கிய மாணவன் எவனோ பகிடி விடுகிறான் என்று முடிவு கட்டினாள். சிப்பி முழுவதையும் கடகத்தில் அள்ளிக் கொண்டுபோய் வாவிக்குள் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பின்னேரம் அவள் திரும்பி வந்தபோது அவை முற்றத்தில் இருந்தன, சொட்டச் சொட்ட ஈரத்தோடு, ஒரே குவியலாக.

அன்றைக்குத்தான் நாகரெத்தினம் வயல் வாடியிலிருந்து வீட்டுக்கு வந்தான். குவியலைக் கண்டதும் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டக்கூட மறந்தான், அது சாய்ந்து விழுந்தது. தட்டினதா, எத்தனை தரம் தட்டினது, ஆராவது பதில் சொன்னீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் எரிச்சலோடு சொல்லச் சொல்ல அவனுடைய முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. பிறகு வாசற்படியில் குந்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அதுகள் தனியா வராது புள்ள. எத்தனை பேர் வந்ததோ அத்தனை தரம் தட்டும். எவ்வளவு இரிக்கெண்டு கேக்கிறதுதான் அந்தத் தட்டு. நாம ஒரு கணக்குச் சொன்னா அதைச் சமனாப் பங்கு வெக்கும். சொல்லாட்டி கண்ணில பட்டதைப் பங்கு வெக்கும். பங்கு போக மிஞ்சினதைத் தொடாது. மிஞ்சினது வீட்டுக்காரனுக்கு."

"மிஞ்சாட்டி?"

"விளைஞ்சதெல்லாம் போயிரும். விதைச்சவனத் தொடாது. விளைஞ்சதை விடாது." சொல்லிவிட்டு அவன் உள்ளே பார்த்தான். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்சாயினி படம் கீறிக்கொண்டிருந்தாள்.

றஞ்சிதா சிரித்தாள். வடக்கே வன்னியில் மனிசர் பங்கருக்குள் கிடந்து சாகிறார்கள், இங்கே உங்களுடைய பூதம் மட்டிக் கோதைப் பங்கு வைக்கிறதா என்று கேட்டாள். அந்தச் சிரிப்பு அவனைச் சுட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். வாகரையில் கடல் வந்த காலையில் அவன் வயலில் இருந்தான். அவள்தான் பிள்ளைகளோடு கரையில் இருந்தாள். வலது கையில் சதீசன், இடது கையில் கிரிசாந்த், இடுப்பில் இரண்டு வயதுக் கம்சாயினி. இரண்டு கையிலும் இருந்ததைக் கடல் பிடுங்கியது. இடுப்பில் இருந்தது மிஞ்சியது. ஆண்டுகள் போயும் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

"அண்டைக்கு ரெண்டு பேர் வந்திரிக்கு," என்றான் நாகரெத்தினம். "நம்மட்ட மூண்டு இருந்திச்சு. ஆளுக்கு..." சொல்லை நிறுத்தி, விரலால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினான். "மிஞ்சினதை விட்டிட்டுப் போனதுகள் இப்ப கிறுகி வந்திரிக்கு."

அவள் தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்தாள். கோப்பை உடைந்த சத்தம் அடங்க முதல் பின்கதவில் தட்டுக் கேட்டது. நான்கு. கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் நெல் அளந்து கொட்டுவது போன்ற சத்தம் தொடங்கியது, சர் என்று ஒரு கொட்டு, ஒரு இடைவெளி, மறுபடி சர் என்று ஒரு கொட்டு. அது ஓய்ந்த பிறகு படியில் டக்கென்று ஏதோ ஒன்று வைக்கப்பட்டது. விடிந்து பார்த்தபோது நான்கு கூறு இருந்தன. படியில் ஒற்றைச் சிப்பி கிடந்தது.

அன்று வகுப்பில் கரும்பலகைக்கு முகத்தைத் திருப்பி நின்றபோது, எழுதவேண்டிய கணக்கை மறந்து அவளுடைய கை எண்பத்தைந்தை எழுதியது. இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று. மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. நான்காலும் ஒன்று. ஐந்தால் வகுத்தால் பதினேழு. மீதி இல்லை. சோக்கட்டி விரலுக்குள் நொறுங்கியது. பிள்ளைகள் ரீச்சருக்குத் தலைச்சுற்றா என்று கேட்டார்கள். இன்றைக்கு மம்மலில் ஐந்து தட்டு விழும் என்று அந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? நம்புவதா இல்லையா என்ற வழக்கெல்லாம் அந்தக் கணத்தோடு முடிந்துபோனது. பெற்ற மூன்றில் மிஞ்சிய ஒன்றை வைத்து அவளால் பந்தயம் பிடிக்க முடியாது.

பயத்துக்கு நடுவிலும் அவளுக்குள் ஒரு மூர்க்கம் தலை தூக்கியது. பங்கு வைக்கத்தானே வருகிறீர்கள், வாருங்கள், கணக்கு என்றால் என்ன என்று காட்டுகிறேன் என்ற மூர்க்கம். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், ஊரடங்கில் அறைக்குள் அடைந்து கிடந்த ஒரு விடுமுறை முழுக்க அவள் ஒரே ஒரு எண்ணோடு குடித்தனம் நடத்தியிருந்தாள். ஒன்று முதல் இருபது வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடுகிற எண்களில் மிகச் சிறியதை எடுத்து, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது அது. இருபத்து மூன்று கோடியே இருபத்தேழு இலட்சத்துத் தொண்ணூற்றீராயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்று. இரண்டால் வகு, ஒன்று மிஞ்சும். ஏழால் வகு, ஒன்று மிஞ்சும். இருபது வரை எதனால் வகுத்தாலும் அந்த ஒன்று அசையாமல் நிற்கும். இருபதைத் தாண்டினாலும் பயமில்லை, ஏனென்றால் அது முதன்மை எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் அது மீதியில்லாமல் பிரிந்து கொடுக்காது. அந்த விடுமுறையில் பதினைந்தாயிரத்துச் சொச்சம் வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் அதை வகுத்துப் பார்த்துக் கை வீங்கினவள் அவள். அதைச் சரியாகப் பங்கு போட வேண்டுமென்றால் இருபத்து மூன்று கோடிக்கு மேல் பூதங்கள் வரவேண்டும். மட்டக்களப்பு வாவியையே தூர்த்தாலும் அவை நிற்க இடம் காணாது.

அன்று ஐந்து தட்டு விழுந்தது. அவள் கதவைத் திறக்காமல், பலகையில் வாயை வைத்து, வகுப்பில் சொல்வது போல உரத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அறுபத்தி ஒண்டு" என்று முடித்தபோது பின்னால் நின்ற நாகரெத்தினம் அவளுடைய வாயைப் பொத்தக் கை நீட்டினான். வெளியே ஒரு அமைதி. பிறகு கொட்டும் சத்தம். அந்தச் சத்தம் இந்த முறை முற்றத்தோடு நிற்கவில்லை. கண்டல் பற்றைக்குள்ளும், சேற்றிலும், தூரத்தில் வாவித் தண்ணீரின் மேலும், கண்ணுக்குத் தெரியாத களம் ஒன்று நீள நீள விரிந்துகொண்டு போவது போலக் கேட்டது. கடைசியில் படியில் டக். காலையில் கூறுகள் இருக்கவில்லை, சிப்பிகளும் போய்விட்டன. படியில் மட்டும் ஒன்று கிடந்தது.

நாகரெத்தினம் நிம்மதி அடையவில்லை. அவளிடம் கும்பிட்டுக் கேட்டான்.

"அதுகளுக்கு முன்னால அந்தச் சொல்ல மட்டும் சொல்லாத புள்ள. நம்மட புள்ளையக் கை நீட்டிக் காட்டிக் குடுக்கிற மாதிரி இரிக்கு."

"அந்தச் சொல்லாலதான் உங்கட மகள் உயிரோட இருக்காள். வாயை மூடிக்கிட்டு இருங்க."

அவனுக்கு விளங்கும்படி சொல்லிக் கொடுக்க அவள் மெனக்கெடவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு வகுத்தலைப் படிப்பித்துவிட்டு வந்து இவனுக்கும் படிப்பிக்க வேண்டுமா என்றிருந்தது. எண்ணை மட்டும் அவனைப் பாடமாக்க வைத்தாள். அவனும் பிள்ளை போலத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துப் பாடமாக்கினான்.

தட்டுகள் நாளுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போயின. ஆறு, ஏழு, எட்டு. வயிறு நிறைந்து போனவை போய் மற்றவற்றுக்குச் சொல்லியிருக்கும். ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாகரெத்தினத்தின் அக்கா வீட்டுக்குச் சித்தாண்டிக்கு ஓடினார்கள். மம்மலில் அந்த வீட்டுப் பின்கதவிலும் தட்டு விழுந்தது, முதல்நாளை விட ஒன்று கூட. அக்கா ஆர் அது என்று கேட்டுக்கொண்டு திறக்கப் போனாள். றஞ்சிதா அவளை இழுத்துத் தள்ளிவிட்டுக் கதவடியில் நின்று எண்ணைச் சொன்னாள். அடுத்தநாளே நாவற்குடாவுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

கணக்கு ஒருநாளும் பிழைக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சிப்பி படியில் நிற்கவில்லை. ஒருநாள் அது கதவு நிலைக்கு உள்ளே கிடந்தது. கதவு பூட்டியபடிதான் இருந்தது. மறுநாள் குசினிக்குள் கிடந்தது. பிறகு கம்சாயினியின் பாயோரத்தில். பிறகு தலையணையில், அவளுடைய கன்னத்துக்குப் பக்கத்தில். றஞ்சிதா தொட்டுப் பார்த்தாள். யாரோ நெடுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தது போல அது சூடாக இருந்தது. நீல றிபனை அவிழ்த்துத் தலை வாரிவிடும்போது பிள்ளையின் முடிக்குள்ளிருந்து நெற்பதர் உதிர்ந்தது. மிஞ்சுவது எது, எந்தப் பாயில் படுத்திருக்கிறது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. கைவைக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த ஒன்றுக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு நாளும், அவை பார்த்துக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று றஞ்சிதா பல்லைக் கடித்தாள். பயத்தோடு அவளுக்கு அதில் ஒரு குரூரமான சந்தோசமும் இருந்தது. வாகரையில் அவளிடம் கை இரண்டுதான் இருந்தன. இப்போது எண் இருக்கிறது.

வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று றேடியோ சொன்ன நாள் வந்தது. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். கடைகளுக்கு முன்னால் கொடி கட்டச் சொன்னார்கள், கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களைப் பின்னேரம் வரை மறித்து வைத்து, கொடியேற்றி, பேசி, பிறகுதான் விட்டார்கள். வன்னியில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு ரீச்சர் முழு நேரமும் நிலத்தையே பார்த்தபடி நின்றாள். ஒருவரும் ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. றஞ்சிதா சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலத்துக்கு வந்தபோது பாலம் அடைத்துக் கிடந்தது. மேளம் அடித்துக்கொண்டு வாகனங்கள் ஊர்வலமாக வந்துகொண்டிருந்தன. துவக்கோடு நின்ற இராணுவப் பெடியன் ஒருவன் ஓரமாக நிற்கும்படி கை காட்டினான். வீட்டில் பிள்ளை காத்திருக்கிறாள் என்று அவள் சொன்னாள். அவன் மறுபடியும் கையைத்தான் காட்டினான். மேற்கே வாவிக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் போனில் வீட்டுக்குக் கோல் எடுத்தாள். பல தரம் முயன்ற பிறகு கிடைத்தது.

"பாலத்தில நிக்கிறன். விடுறாங்க இல்ல. இண்டைக்கு நீங்கதான் சொல்லணும்."

"ஓம், எனக்குப் பாடம்தானே. நீ பயப்பிடாத."

"முழுக்க ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்."

"இருபத்தி மூண்டு கோடி, இருபத்தேழு லெச்சத்தி..." என்று அவன் தொடங்கினான். லைன் அறுந்தது. திருப்பி எடுத்தாள். எடுபடவில்லை. திருப்பி எடுத்தாள். எடுபடவில்லை.

அவன் பாடமாக்கியிருக்கிறான், பிழை விடமாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாடமாக்கும்போது அவன் முணுமுணுத்ததை நினைத்துப் பார்த்தாள். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்ட முணுமுணுப்பு. கோடி, லெச்சம், ஆயிரம், ஐந்நூற்றி அறுபது. அறுபதுக்குப் பிறகு? ஒவ்வொரு தரமும் அறுபதுக்குப் பிறகு ஒரு சின்னச் சத்தம் வந்தது. மேசையில் விரல் படும் சத்தம்.

அவள் மறுபடி கோல் எடுத்தாள். எடுபடவில்லை.

அந்தச் சொல்லை அவன் சொல்லமாட்டான். மறதியால் அல்ல. பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்தே சொல்லமாட்டான். அறுபது என்று சொல்லி நிலையில் ஒரு தட்டுத் தட்டுவான். தட்டினால் அது கணக்கு என்று களவெட்டியில் நிற்கிற மனிசருக்குத் தெரியும். வெளியே நிற்பவற்றுக்குத் தெரியக்கூடாது என்றுதானே அந்தப் பழக்கமே வந்தது? ஒன்று இல்லாமற் போனால் அந்த எண் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கத் தேவையில்லை. இருபது வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடுகிற எண் ஆகும். இன்றைக்கு எத்தனை பேர் வந்தாலும் சரி. பத்துப் பேர் வந்தாலும் சரி, பதினேழு பேர் வந்தாலும் சரி. எல்லாருக்கும் பங்கு வரும். அப்படிப்பட்ட எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

கை காட்டிய பெடியனை அவள் பார்க்கவில்லை. வாகனங்களுக்கும் கம்பிக்கும் நடுவில் சைக்கிளைச் செருகினாள். பின்னால் யாரோ கத்தினார்கள். சுடுவதென்றால் சுடட்டும். பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கி மிதித்தாள். சூரியன் வாவிக்குள் போய்விட்டது. தெருவெல்லாம் கதவு சாத்திய வீடுகள், வெடிக் கடதாசி, புகை. சேலைத் தலைப்பு சில்லுக்குள் மாட்டிக் கிழிந்தது. நிறுத்தவில்லை. ஒழுங்கைக்குள் திரும்பியபோது நெற்தூசி மணந்தது. கழுத்து அரித்தது. கை அரித்தது. கண் இமைக்குள் அரித்தது.

கேற்றில் சங்கிலி. உள்ளே பூட்டு. பயத்தில் பூட்டியிருக்கிறான்.

முன்கதவு திறந்திருந்தது. வீட்டு நடை நேராகப் பின்கதவு வரை தெரிந்தது. அங்கே நாகரெத்தினம் முதுகைக் காட்டி நின்றான். தட்டு விழுந்துகொண்டிருந்தது. மெதுவாக. ஒவ்வொன்றாக. கடைசித் தட்டு முடிந்தது.

அவன் சொல்லத் தொடங்கினான். திருத்தமாக, பயபக்தியோடு, ஒரு சொல் பிசகாமல். கோடி. இலட்சம். ஆயிரம்.

"ஒண்டு!" என்று அவள் கேற்றைப் பிடித்து உலுப்பிக் கத்தினாள். "ஒண்டு எண்டு சொல்லுங்க!"

பக்கத்துத் தெருவில் ஒரு சரம் வெடி முழுவதும் ஒரேயடியாக வெடித்தது. அவளுடைய சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

வெடி ஓய்ந்தது.

"ஐந்நூற்றி அறுபது," என்றான் நாகரெத்தினம்.

கதவு நிலையில் விரலால் ஒரு தட்டு.

வெளியே அமைதி. மற்ற நாட்களை விட நீண்ட அமைதி. பிறகு கொட்டும் சத்தம் தொடங்கியது. இந்த முறை அது வாவிப் பக்கமாக விரிந்து போகவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வெளியே போனது. அறைக்குள்ளிருந்து. பாய் இருந்த அறைக்குள்ளிருந்து.

அவள் கேற்றில் ஏறிக் குதித்தாள். உள்ளங்கை கிழிந்தது. நடைக்குள் ஓடினாள். அறைக்குள் பாய் இருந்தது. தலையணை இருந்தது. தலையணையில் ஒரு சின்னத் தலை கிடந்த பள்ளம் இருந்தது. நிறப் பென்சில்கள் பாயைச் சுற்றிக் கிடந்தன, படம் பாதியில் நின்றிருந்தது.

சர் என்ற சத்தம் நின்றது.

அவள் காத்திருந்தாள். படியில் டக்கென்று விழும் அந்த ஒரு சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நாகரெத்தினமும் காத்திருந்தான். கச்சான் காற்று நின்றுவிட்டது. ஒரு சத்தமும் வரவில்லை.

"மிஞ்சிச்சா புள்ள?" என்று அவன் கேட்டான்.

அவள் அவனைத் தள்ளிவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். படி வெறுமையாக இருந்தது. முற்றத்தில் பதின்மூன்று கூறு இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே நீளத்தில் ஒரு துண்டு நீல றிபன். ஒரே தடிப்பில் ஒரு பிடி கறுத்த முடி, இன்னும் பதர் ஒட்டியபடி. அவற்றுக்கடியில் வெள்ளையாக, கழுவித் துடைத்துச் சுத்தமாக, சிப்பி அல்லாத சிறு துண்டுகள். ஆவி பறந்துகொண்டிருந்தது. றஞ்சிதா மணலில் முழங்காலிட்டாள். முதற் கூறை எண்ணினாள். அடுத்ததை எண்ணினாள். ஏதாவது ஒன்றில், ஒரேயொரு துண்டு கூடுதலாக இருக்கும் என்று ஒவ்வொரு கூறாகத் தவழ்ந்து போய் எண்ணினாள். கதவு நிலையில் நாகரெத்தினத்தின் விரல் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது. கடைசிக் கூறையும் எண்ணி முடித்தாள். பங்கு சரியாக இருந்தது.